தாய்மாமன் மூட்டை

எருமப்பட்டி,
யுவ வருஷம் (1935) ஆடி 5

தங்கை முத்தாயிக்கு அண்ணன் சென்னியப்பன் எழுதுவது.

இங்கே உன் அண்ணி மயிலம்மாளும் மகன் அங்கமுத்துவும் சுகம். மழை இன்னும் இறங்கவில்லை. கடலைக்காய் போட்டவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தபடி திரிகிறார்கள். மல்லசமுத்திரத்தில் உங்கள் பக்கம் எப்படி?

உன் மூத்தவள் ராமாயி கல்யாணத்தன்று பந்தியில் உட்காராமல் வண்டி கட்டச் சொல்லிப் புறப்பட்டு வந்துவிட்டேன் என்று நீ மனம் நொந்திருப்பாய். செவலைப் பசு கன்று போடும் நாளாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

அன்று நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மணவறையைச் சுற்றிலும் சாணி மெழுகிய ஈரம் காயாமல் கிடந்தது. தாய்மாமன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வரவேண்டிய இடத்தை அப்படியா வைப்பது? உன் கொழுந்தனார் இதையெல்லாம் கவனித்திருக்க வேண்டும். அந்த ஈரத்தில் இளவட்டப் பையன் நடந்தாலும் வழுக்கத்தான் செய்யும். எனக்கு வயது ஐம்பத்தெட்டு என்பதால் ஆளுக்கு ஆள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள்.

பதற்றத்தில் உன்னையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் என்று மயிலம்மாள் சொல்கிறாள். எனக்குச் சரியாக நினைவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆளிடம் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

சென்னியப்பன்


மல்லசமுத்திரம்,
ஆடி 19

அண்ணாவுக்கு முத்தாயி எழுதுவது.

மாம்பழம் வந்தது. ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

தரை காய்ந்துதான் இருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் மெழுகியவள் நான். முந்தின நாள் உச்சி வெயிலிலேயே மெழுகி முடித்தேன். மெழுகும் வேலைக்கு மட்டும் என் வெள்ளைச் சீலை யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை.

கல்யாண வேளையில் நான் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் இறந்த நாளிலிருந்து தெரியும். நெல் குதிர் இருக்கிற அறையில் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அங்கிருந்தே முதல் சுற்றில் உங்கள் முழங்கால் வெடவெடப்பதைப் பார்த்தேன். இரண்டாம் சுற்றில் உங்கள் முகம் வெளுத்தது. ராமாயியின் தலை கீழே சாய்ந்தது. பக்கத்தில் நின்ற ஆண்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நான் ஓடி வந்து அவளை உங்கள் கையிலிருந்து வாங்கினேன். நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். மீதிச் சுற்றை நான் நடந்து, அவளை மணவறையில் உட்கார வைத்தேன். தினமும் தண்ணீர் சேந்தி, பருத்திக்கொட்டை மூட்டை புரட்டுகிற உடம்பு இது. அவள் எனக்குக் கனக்கவில்லை.

அப்போது அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது நினைவில்லை என்கிறீர்கள். நான் எழுதுகிறேன். "வெள்ளச் சீலக்காரிக்கு மணவறைக்குள்ள என்னடி வேலை? போடி வெளிய!" என்றீர்கள்.

அதுவரைக்கும் அது யாருக்கும் தோன்றவில்லை, அண்ணா. பெண் கீழே விழாமல் பிழைத்தாளே என்றுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் சம்பந்தி வீட்டார் என் சீலையைப் பார்த்தார்கள். ராமாயியை ஆடிக்கு அனுப்பவில்லை. சகுனம் கெட்ட பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பி இன்னும் என்ன வரவேண்டும் என்று கேட்டார்களாம்.

அடுத்த வருஷம் சின்னவள் சௌந்திரத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அவளுக்கும் கூடப் பிறந்த மாமன் நீங்கள் ஒருவர்தான். வந்து தூக்குவீர்களா, மாட்டீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஈரத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

முத்தாயி


எருமப்பட்டி,
ஆவணி 28

தங்கை முத்தாயிக்கு,

உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போய்த் தனியாகப் படித்தேன். நினைவில்லை என்று எழுதியது பொய். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு முன்னால் அந்த வார்த்தைதான் தொண்டைக்கு வருகிறது. தரையைக் குறை சொன்னதும் பொய். என் கால்தான் என்னைக் கைவிட்டது.

எப்படி இந்தக் கதிக்கு வந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஆள்தான் நானும். அங்கமுத்து தலையெடுத்த பிறகு மம்மட்டியைத் தொட்டதில்லை. தொட்டால் அவனுக்கு இழுக்கு. அப்பனை இன்னும் வேலை வாங்குகிறான் என்று ஊர் பேசும். காலையில் கட்டிலில் உட்கார்ந்தேன் என்றால் தண்ணீர்ச் சொம்பு முதற்கொண்டு கைக்கு வரும். கீழே விழுந்த துண்டைக்கூட யாராவது எடுத்துத் தருவார்கள். பெரிய மனிதன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே பத்து வருஷம் ஓடிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு நாமக்கல்லில் ஒரு வைத்தியரைப் போய்ப் பார்த்தேன். "வயசாச்சுங்க. காலுக்கு ஓய்வு குடுங்க. படி ஏற வேண்டாமுங்க" என்று சொல்லி ஒரு லேகியம் கொடுத்தார். மயிலம்மாள் நெய்யும் பாலுமாக ஊற்றினாள். வயிறு முன்னால் வந்தது. கால் குச்சியாகிவிட்டது.

போன வாரம் சொந்தத்தில் ஒரு ஒறம்பரை வீட்டு விருந்து. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் எழுந்து கை கழுவப் போனார்கள். என்னால் எழ முடியவில்லை. எச்சில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். இலை எடுக்க வந்தவன் பக்கத்தில் காத்து நின்றான். கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். "பாத்துங்க, பாத்துங்க" என்று அவர்கள் சொன்னபோது எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பதில் கேட்டாய். முடியும் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. நம் பங்காளி சின்னுசாமிக்கு முப்பது வயதுதான் ஆகிறது. முறைக்கு அவனும் உனக்கு அண்ணன் தம்பிதான். அவனைத் தூக்கச் சொல்.

சென்னியப்பன்


மல்லசமுத்திரம்,
புரட்டாசி 15

அண்ணாவுக்கு,

பொய் என்று ஒப்புக்கொண்ட வரைக்கும் சரி.

சின்னுசாமியைக் கூப்பிட எனக்கும் தெரியும். கூடப் பிறந்தவன் கல்லுக்குண்டாக உயிரோடு இருக்கும்போது ஒன்றுவிட்டவன் வந்து தூக்கினால், நாளைக்கு என் பெண் போகிற இடத்தில் எல்லாம் "உன்ற மாமனுக்கும் உன்ற அம்மாளுக்கும் என்ன சண்டை?" என்றுதான் கேட்பார்கள். அவள் என்ன பதில் சொல்வாள்?

என் சங்கதியும் கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்றடிக்குப் போனால் "ஆம்பளக் கை வருது, வழி உடுங்க" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். கல்யாணப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போனாளே, பொம்பளைக்கு இவ்வளவு பலம் எதற்கு என்று என் கொழுந்தனாரே கேட்டார். அன்றோடு மூட்டையைத் தொடுவதை விட்டுவிட்டேன். தண்ணீர் சேந்தவும் ஆள் வைத்துவிட்டேன். உள்ளே உட்கார்ந்து பஞ்சு பிரிக்கிறேன். வெள்ளைச் சீலை கட்டியவள் இருக்க வேண்டிய மாதிரி இப்போதுதான் இருக்கிறேன் என்று எல்லோருக்கும் திருப்தி.

உங்களுக்குப் பலம் இல்லாதது வெட்கம். எனக்குப் பலம் இருப்பது வெட்கம். ஒரே வயிற்றில்தான் பிறந்தோம்.

முத்தாயி


சேலம், செவ்வாய்ப்பேட்டை,
கார்த்திகை 10

தங்கை முத்தாயிக்கு,

கடலைக்காய் விற்க வந்தவன் மண்டிக்காரர் பரக்கத் அலி வீட்டிலேயே தங்கிவிட்டேன். அப்பா காலத்துப் பழக்கம், உனக்கும் தெரியும். என்னைவிட மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். விடிகாலைத் தொழுகை முடிந்து வந்ததும் கொல்லையில் கர்லாக்கட்டை சுற்றுகிறார். பிறகு பஸ்கி எடுக்கிறார். முழங்காலை மடக்கி உட்கார்வதும் எழுவதுமாக அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. தேகாப்பியாசம் எல்லாம் குஸ்தி போடுகிறவர்களுக்கும் மீசை முளைக்கும் பையன்களுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் கட்டிலை விட்டு எழுவதை அவர் பார்த்துவிட்டார். "என்ன கவுண்டரே, கதவைப் புடிச்சுத் தொங்குறீங்க? கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். சிரித்து மழுப்பப் பார்த்தேன். முடியவில்லை. கல்யாணத்தில் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். உன்னைச் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டில் சோறு போடுவார்களா என்று பயமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "நாலு வருசம் முந்தி எனக்கு விஷக்காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிருச்சு, ஆனா நான் படுத்தே கெடந்தேன். தொழப் போறதுக்கு முன்னால கைகால் கழுவ ஒரு செம்புத் தண்ணியத் தூக்க முடியல. எம் பொஞ்சாதி மஸ்தான் பீவி பக்கத்துல நின்னு ஊத்துனா. அந்த வெக்கத்துலதான் ஆரம்பிச்சேன்" என்றார். "உங்களுக்கு வயசு வந்தது ஒரு பக்கம், உக்காந்தே கெட்டது ஒரு பக்கம். வயசுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. மத்ததுக்கு முடியும்."

ஒரு உயரமான முக்காலியைப் போட்டு, கை ஊன்றாமல் எழச் சொன்னார். அரை உயரம் எழுந்து தொப்பென்று உட்கார்ந்தேன். உள்ளே மஸ்தான் பீவி சிரித்தது கேட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மோர் வந்தது. மறுநாள் மறுபடியும் முக்காலி. தொடை இரண்டும் பச்சைப் புண்ணாக நொந்தது. நோகிற அன்று விட்டுவிட்டு அடுத்த நாள் செய்தால் போதும் என்கிறார்.

முக்காலியில் சுளுவாக எழ வந்தால் அதைவிடத் தாழ்ந்த பலகை. அதுவும் வந்தால் ஒரு சாக்கில் கொஞ்சம் மணல் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அது லேசாகத் தெரிகிற அன்று இன்னொரு படி மணல். அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். நெய்யைக் குறைத்துப் பயறும் முட்டையும் தின்னச் சொல்கிறார். சௌந்திரம் எடைக்கு அந்தச் சாக்கு வருவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். "அதை உங்க காலு சொல்லும், நான் சொல்ல முடியாது" என்றார்.

உனக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. சின்னுசாமியிடம் மட்டும் இன்னும் பேச வேண்டாம்.

சென்னியப்பன்


மல்லசமுத்திரம்,
மாசி 3

அண்ணாவுக்கு,

அங்கமுத்து மேல் எனக்கு இப்படி ஒரு கோபம் வரும் என்று நினைக்கவில்லை. சந்தைக்கு வந்த உங்கள் ஊர் ஆள் சொல்கிறான்: "பெரிய கவுண்டரைப் பையன் மூட்டை செமக்க வெச்சுட்டானுங்க. விடியறதுக்குள்ள சாளையச் சுத்திச் சாக்கு மூட்டையோட நடக்கறாருங்க. பாக்கவே வயிறெரியுதுங்க." எனக்குப் புரிந்தது. ஆனால் சந்தையில் நின்றுகொண்டு எதைச் சொல்ல முடியும்? என் அண்ணன் என் பெண்ணைப் போட்டுவிட்டதால் மூட்டை தூக்கிப் பழகுகிறார் என்றா? கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கமுத்துவுக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிந்தும் ஊர் வாயை மூடவில்லை என்றால் அவன் என்ன மகன்?

பொங்கலன்று பானையை அடுப்பிலிருந்து இறக்கப் போனேன். கை வரவில்லை. தூக்கிய பானையை மறுபடி அடுப்பிலேயே வைத்தேன். சௌந்திரம் சிரித்துக்கொண்டே வந்து இறக்கினாள். "ஏம்மா, வயசாயிருச்சா?" என்றாள். எனக்கு நாற்பத்தொன்பது. போன வைகாசியில் ஒரு பெண்ணையே தூக்கிக்கொண்டு நடந்த கை இது. சில மாதம் சும்மா உட்கார்ந்ததற்கே இப்படியா போய்விடும்? அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முத்தாயி


எருமப்பட்டி,
மாசி 20

தங்கை முத்தாயிக்கு,

அங்கமுத்துவைத் திட்டாதே. அவனுக்கு ஒன்றும் தெரியாது. மறைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன். களை எடுக்க வந்த அத்தாயி ஒருநாள் என்னைச் சாளைக்குப் பின்னால் சாக்கும் கையுமாகப் பார்த்துவிட்டாள். பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கிறவனைப் பார்த்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கூட்டம், மகன் கொடுமை என்று ஒரு கூட்டம்.

அங்கமுத்து சாளைக்கே வந்தான். கண் சிவந்திருந்தது. "ஏனுங்கப்பா, நான் என்ன கொற வெச்சேன்? ஊருக்குள்ள தலை காட்ட முடியலீங்க" என்றான்.

நான் சாக்கை இறக்காமலே, "உன்ற அத்தை மவளைத் தூக்கோணும் கண்ணு. போன தடவ போட்டுட்டேன்" என்றேன். என் மகனிடம் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். தலை குனிந்துதான் சொன்னேன். அவன் சாக்கின் வாய்க்கயிறு அவிழ்ந்து கிடந்ததை இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். யார் கேட்டாலும் "எங்கப்பன் பழகறாரு, உங்களுக்கென்ன?" என்று இப்போது அவனே சொல்கிறானாம்.

சாப்பாட்டுப் பலகையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறேன். நாமக்கல் கோட்டைப் படியை நின்று நின்று ஏறினேன், ஆனால் ஏறிவிட்டேன். படுத்தால் தூக்கம் வருகிறது. உடம்பு இன்னும் நம்முடையதுதான் என்று இந்த வயதில் தெரிந்துகொள்வது ஒரு மாதிரி வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

தை மாதம் கடலைக்காய் பிடிக்க வந்த பரக்கத் அலி என் பழக்கத்தைப் பார்த்தார். நான் மூட்டையோடு கொஞ்ச தூரம் நடந்து, நடுவில் தரையில் இறக்கி வைத்து, மறுபடி தூக்குகிறேன். தரையிலிருந்து தூக்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "பொண்ணை யாரும் நடுவழியில எறக்கப் போறதில்லியே, இது எதுக்குக் கவுண்டரே?" என்று கேட்டார். எனக்கு வேண்டும் என்றேன். காரணம் சொல்லவில்லை.

உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் சொல்கிறேன். குடத்தைத் தொடு. முழுக்குடம் வேண்டாம், கால் குடத்தில் ஆரம்பி. உன்னை உட்கார வைத்தது ஊர் இல்லை அம்மிணி, நான்தான். அதற்காக நீ என்னைப் போல ஆகிவிடாதே.

சென்னியப்பன்


மல்லசமுத்திரம்,
தாது வருஷம் (1936) ஆனி 8

அண்ணாவுக்கு,

சௌந்திரத்துக்குத் திருச்செங்கோட்டில் இடம் அமைந்திருக்கிறது. பையன் நல்லவன். ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா அப்புசாமிக் கவுண்டர் ரொம்பவும் சாஸ்திரம் பார்க்கிறவர். ராமாயி கல்யாணத்தில் நடந்தது அவர் காதுக்கும் போயிருக்கிறது. ராமாயிக்கு ஆண் குழந்தை பிறந்து தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை.

அவர் சொல்வது இரண்டு. பெண்ணைச் சின்னுசாமிதான் தூக்க வேண்டும், நீங்கள் கூடாது. முகூர்த்தம் முடிகிற வரைக்கும் நான் வீட்டிலேயே இருக்கக் கூடாது, வேறு யார் வீட்டிலாவது போய் இருக்க வேண்டும்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். பெண்ணைப் பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? என் கல்யாணத்தில் நீங்கள் வாங்கிக் கொடுத்த சிவப்புச் சீலையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன். அவ்வளவுதான்.

குடம் பாதி வரைக்கும் வந்திருக்கிறேன். கிணற்றடியில் ஆள் இல்லாத வேளையாகப் பார்த்துப் போகிறேன்.

முத்தாயி


எருமப்பட்டி,
ஆனி 27

தங்கை முத்தாயிக்கு,

உன்னைக் கேட்காமல் திருச்செங்கோட்டுக்குப் போய் வந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்புசாமிக் கவுண்டர் வாசலில் கடலைக்காய் மூட்டைகள் கிடந்தன. பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். "பொண்ணுக்கு மாமன் நானுங்க. போன தடவ போட்டவனும் நாந்தானுங்க. இப்பத் தூக்க முடியுமுங்க" என்றேன். அவர் என் தலைமுடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி, வாசலைச் சுற்றி வந்து இறக்கி வைத்தேன். வேலையாட்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். ஐம்பத்தொன்பது வயதில் இன்னொருவன் வாசலில் மூட்டை தூக்கிக் காட்டி உரிமையைக் கேட்டு வாங்கினேன். சரி, நீங்களே தூக்குங்கள் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சொன்னார். "ஆனா அந்தம்மா மட்டும் கண்ணுல படப்படாதுங்க."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். அந்த வார்த்தையை முதலில் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். மூட்டை தூக்கிய நெஞ்சுக்கு அதைச் சொல்லத் தெம்பில்லை. சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்தேன். "வேற ஊட்டுக்கு எதுக்குங்க, குதிர் ரூம்புல கதவச் சாத்திக்கிட்டு இருக்கட்டுமுங்க" என்று கெஞ்சினேன். ஒப்புக்கொண்டார். உனக்காக நான் வாங்கி வந்தது சாத்தின கதவு ஒன்றுதான்.

இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரரிடம் சௌந்திரத்துக்குப் பட்டுச் சீலை எடுத்திருக்கிறேன். உன்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள். தாழ் போடாதே.

சென்னியப்பன்


மல்லசமுத்திரம்,
ஆவணி 30

அண்ணாவுக்கு முத்தாயி எழுதுவது.

பந்தல் பிரித்தாயிற்று. பாத்திரங்களும் போய்ச் சேர்ந்தன. இந்த முறை நீங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்றும், கை ஊன்றாமல் எழுந்தீர்கள் என்றும் அண்ணி வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். இப்படிச் செய்யப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

குதிர் அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மேளம் மாறியது. பெண்ணைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. உங்கள் காலடிக்குக் காதைக் கொடுத்தபடி இருந்தேன். மணவறை கிழக்குப் பக்கம். காலடி என் பக்கம் வந்தது. கூட்டத்தில் சலசலப்பு. "அண்ணோவ், அக்கட்டால எங்க போறீங்க?" என்று சின்னுசாமி கத்தினான். கதவைக் காலால் தள்ளினீர்கள். வெளிச்சம் வந்ததும் நான் சுவர்ப் பக்கம் திரும்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். நல்ல வேளையில் என் முகம் அவள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அவளை வாசற்படியில் இறக்கி வைத்தீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் முடியாமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வெளியே யாரோ "போட்டுட்டாரு" என்றதும் கேட்டது.

அப்போது நீங்கள் பேசினீர்கள். உங்களுக்கு நினைவில்லாமல் போனாலும் போகும் என்று இதையும் நானே எழுதி வைக்கிறேன். "அன்னிக்கு நான் போட்ட புள்ளையத் தூக்குனவ இவ. தூக்குனவளப் போடின்னு சொன்னவன் நானு. இவ கை படாம இந்தப் புள்ளைய நான் தூக்க மாட்டேன். யாரு வேணும்னாலும் எந்திரிச்சுப் போங்க" என்றீர்கள். நான் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நீங்கள்தான் இரண்டு கையையும் பிடித்து எடுத்து, அவள் தலையில் வைத்தீர்கள். சௌந்திரம் தேம்பியதில் என் கை குலுங்கியது.

பிறகு குனிந்து, தரையில் நின்றவளை மறுபடி தூக்கினீர்கள். முழங்கால் வெடவெடத்தது. நான் பார்த்தேன். என் கையும் தானாக முன்னால் வந்தது. ஆனால் இந்த முறை எழுந்துவிட்டீர்கள்.

அப்புசாமிக் கவுண்டர் எழுந்து நின்றாராம். சீர் நடத்துகிற அருமைக்காரர்தான், "பொண்ணு வந்துட்டிருக்குதுங்க, நேரமாவுது, எல்லாரும் உக்காருங்க" என்று சத்தம் போட்டாராம். சம்பந்தி பந்தி வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாராம். பாயசத்தை மட்டும் மறுக்கவில்லை என்று அண்ணி சொன்னாள். சௌந்திரத்தை நல்ல முகத்தோடுதான் அழைத்துப் போனார்கள்.

நீங்கள் போன பிறகு கதவு திறந்தே கிடந்தது. எழுந்து சாத்த வேண்டும் என்று நினைத்தேன். கால் நகரவில்லை. அங்கிருந்து மணவறை நேராகத் தெரிந்தது. என் பெண்ணுக்குத் தாலி கட்டியதை நான் பார்த்தேன், அண்ணா. ராமாயிக்குப் பார்க்கவில்லை. இவளுக்குப் பார்த்தேன். அத்தனை கண்ணும் என்னைத்தான் பார்க்கிறது என்று உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் பார்த்தேன்.

மூட்டையை நடுவில் இறக்கி வைத்து மறுபடி தூக்கியது எதற்கு என்று மண்டிக்காரரிடம் நீங்கள் சொல்லவில்லை. எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவருக்கும் எழுதிவிடுங்கள்.

நீங்கள் முன்னே சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நானும் ஈரத் தரை என்று எழுதிய மாதிரி ஆகிவிடும். ஆனால் இனி அது நினைவுக்கு வரும்போது இதுவும் கூடவே வரும். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது முழுக்குடம் வருகிறது. பட்டப்பகலில், எல்லோரும் இருக்கிற வேளையில்தான் கிணற்றடிக்குப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பொங்கலுக்கு எருமப்பட்டிக்கு வருகிறேன். அந்த மணல் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடாதீர்கள். நானும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

முத்தாயி